தேரிக்காட்டுக் கிறிஸ்தவ ஊர்களும் கல்லறைகளும்

திருச்செந்தூர், சாத்தான்குளம், திசையன்விளை வட்டாரங்களில் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகளை மக்கள் தேரி என்பர். பனையைத் தவிர வேறு பயிர் எளிதில் தழைக்காத இந்நிலத்தில் முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி முதலிய ஊர்கள் கோயிலையும் பள்ளியையும் கல்லறைத் தோட்டத்தையும் நடுவாகக் கொண்டு உருவாயின. இவ்வூர்களின் வரலாறு பெரும்பாலும் அயல்நாட்டு மிஷனெரிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அவற்றின் தோற்றத்தை உற்றுநோக்கினால், முதலடி எடுத்து வைத்தவர்கள் இந்த மண்ணின் மக்களே என்பது தெளிவாகும்.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்று திருமுழுக்குப் பெயர் பெற்ற மராத்தியப் பிராமணக் கைம்பெண் 1785-இல் கட்டிய சிறு கோயிலே திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபையின் தொடக்கம். தேரிப் பகுதியில் அச்சபையைப் பரப்பியவர், தஞ்சையில் மதம் மாறி உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் பெறாத போதகராக, ஊர் திரும்பிய தாவீது சுந்தரானந்தம். புதிதாகக் கிறிஸ்தவரானோர் தம் ஊர்களிலேயே வாழ முடியாதபடி துன்புறுத்தப்பட்டபோது, அவர்களுக்கெனத் தனி நிலம் வாங்கிக் குடியேற்றுவதே வழியென்று கண்ட அவர், கேப்டன் எவரெட் என்ற ஆங்கிலப் படை அதிகாரியின் பண உதவியோடு 1799-இல் முதலூரை அமைத்தார். இன்று மஸ்கோத் அல்வாவால் பலரும் அறிந்திருக்கும் இவ்வூர், உண்மையில் அடைக்கலம் தேடி வந்தவர்களின் ஊர். தொடக்க ஆண்டுகளில் அதன் கோயிலும் தாக்குதலுக்குத் தப்பவில்லை; ஆயினும் குடிகள் கலையவில்லை.

முதலூர் காட்டிய வழியில் அடுத்தடுத்துக் குடியிருப்புகள் எழுந்தன. 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றிய மிஷனெரி ரேனியஸ், கிறிஸ்தவர்களுக்கு நிலமும் மனையும் வாங்கித் தருவதற்காகவே 1830-இல் தரும சங்கம் என்ற அமைப்பை நிறுவினார். குடியானவன் வீடு நிற்கும் மனை மற்றொருவருக்குச் சொந்தமாக இருக்கும்வரை, அவன் எந்தச் சமயத்தைத் தழுவினாலும் மனைக்காரரின் சினத்துக்கு அஞ்சியே வாழ வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், கோயில் கட்டுவதற்கு முன் நிலம் வாங்கியதன் காரணம் விளங்கும்.

இக்குடியிருப்புகளில் பெரும்புகழ் பெற்றது இடையன்குடி. 1841-இல் அங்கு வந்து பல பத்தாண்டுகள் தங்கிய மிஷனெரி கால்டுவெல், தெருக்களை நேராக்கி, கிணறு வெட்டி, மரம் நட்டு ஊரைத் திருத்தி அமைத்தார். அவர் மனைவி எலைசா பெண் பிள்ளைகளுக்குக் கல்வியோடு லேஸ் பின்னலையும் கற்பித்ததால், பனைத்தொழிலை மட்டுமே நம்பியிருந்த வீடுகளுக்கு மற்றொரு வருவாய் கிடைத்தது. தூய திரித்துவ ஆலயத்தின் அடிக்கல் 1847-இல் நாட்டப்பட்டது. பணமும் ஆளும் கிடைத்தபோதெல்லாம் சிறிது சிறிதாக வளர்ந்து, 1880-இல்தான் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1891-இல் கொடைக்கானலில் மறைந்த கால்டுவெலின் உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

கால்டுவெலின் பெருமையைப் பேசும்போது அவர் 1849-இல் வெளியிட்ட நூலையும் மறைக்கக்கூடாது. அவ்வூர்களின் பெரும்பான்மையினரான நாடார் மக்களைத் தாழ்த்தி எழுதியதாக அந்நூல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த எதிர்ப்பிலிருந்தும், வெள்ளையர் அதிகாரத்தின் மீதிருந்த மனக்கசப்பிலிருந்தும் பிறந்ததே, நாசரேத்தை அடுத்த மூக்குப்பேரியில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857-இல் தொடங்கிய இந்து கிறிஸ்தவச் சபை. ஐரோப்பியத் தலைமையை மறுத்த இச்சபையார், பழைய ஏற்பாட்டு முறைப்படி சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு, வழிபாட்டில் தூபமிட்டனர். மிஷனெரிகளின் குறிப்புகளில் பிரிவினையாகக் காட்டப்படும் இந்நிகழ்ச்சி, இந்தியக் கிறிஸ்தவர்கள் தம் சபையைத் தாமே நடத்த முன்வந்த மிகத் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று என்பதால், அதற்குரிய இடத்தைத் தேரிக்காட்டு வரலாற்றில் பெற்றே ஆக வேண்டும்.

கல்லறைகளோ வேறொரு வகையான ஆவணங்கள். மெஞ்ஞானபுரத்தில் 192 அடி உயரக் கோபுரத்தோடு தூய பவுல் ஆலயத்தை எழுப்பிய மிஷனெரி ஜான் தாமஸ் 1870-இல் இறந்து அவ்வூரிலேயே அடக்கமானார். மேற்குத்தொடர் மலையடியில் உள்ள டோனாவூரிலோ, ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1951-இல் மறைந்தபோது, கல்லறைக்கல் வேண்டாமென்ற அவர் விருப்பப்படி, குழந்தைகள் அவரைத் தாயாக எண்ணி அழைத்த பெயர் மட்டும் பொறித்த, பறவைகள் நீர் அருந்தும் தொட்டியே வைக்கப்பட்டது. இத்தகையோரைத் தேடி வெளியூரார் வருவர். ஆனால் பனையேறிகள், உபதேசியார்கள், பள்ளி ஆசிரியைகள், கொள்ளைநோயில் மாண்ட குழந்தைகள் ஆகியோரின் பெயர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும், சேகரம் எனப்படும் குருவானவரின் ஆட்சிப் பகுதி ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டுவந்த திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளிலும் மட்டுமே தேடத்தக்கவை. அரச ஆவணங்களில் வரிகட்டும் நிலமாகவும் சாதித் தொகையாகவும் மட்டுமே தோன்றும் ஏழைக் குடும்பங்கள், இவற்றில்தான் தலைமுறை தலைமுறையாகப் பெயரோடு வருகின்றன.

கால்டுவெல் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியிருக்கிறது. பெரிய ஆலயங்களைச் சபைகள் பேணுகின்றன. உப்புக்காற்றில் தேயும் எளிய கல்லறைகளின் எழுத்துகளுக்கும், மக்கும் பதிவேட்டுத் தாள்களுக்கும் அத்தகைய காப்பு இல்லை. ஒவ்வொரு சேகரமும் தன் கல்லறைத் தோட்டத்தின் கல்வெட்டுகளைப் படம் எடுத்துப் படியெழுதி வைக்கவும், பழைய கல்லறையை இடித்துப் புதிதாகக் கட்டுவோர் முதலில் அதன் எழுத்தைக் குறித்துக்கொள்ளவும், வயதானவர்கள் நினைவில் உள்ள குடும்ப வரலாறுகளை இளையோர் எழுதி வாங்கவும் இப்போதே முன்வர வேண்டும்.