ஆவன செய்யவும்

திங்கட்கிழமை காலையில் கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில், குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வந்தவர்கள் கையில் மனுவோடு காத்திருப்பார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடிநீர்; கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவரென்றால் சாதிச் சான்றிதழ், வன உரிமைப் பட்டா. கோரிக்கை எதுவானாலும் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ ஆங்கிலத்தில் எழுதினால் அதே இடத்தில் ‘டூ தி நீட்ஃபுல்’ உட்கார்ந்திருக்கும்.

இந்த ஆங்கிலத் தொடர் பிழையானது, இந்தியர்கள் உண்டாக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்களே கடிதங்களில் இயல்பாக எழுதிய தொடர் இது. அங்கே பழையதாகிப்போனது; இங்கே தாலுகா அலுவலகக் கோப்புகளில் உயிரோடு இருக்கிறது. கடல் கடந்துபோன மொழி, பிறந்த மண்ணில் மறைந்ததைப் போன இடத்தில் காப்பாற்றி வைப்பதுண்டு. ஆல்பர்ட் மார்க்வார்ட் என்ற மொழியியலாளர் 1958-இல் அமெரிக்க ஆங்கிலத்தைப் பற்றி எழுதும்போது இந்தப் போக்குக்குத் தனிப்பெயரே வைத்தார். தமிழிலும் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. நாம் ‘அது, இது’ என்ற இரண்டோடு நின்றுவிட்டோம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பழைய ‘உது’ இன்னும் இருக்கிறது.

பிழை நேர்வது வேறிடத்தில். ‘நீட்ஃபுல்’ என்றால் ‘தேவையான’. அதற்கு முன்னால் ‘தி’ வந்தால்தான் அது ‘தேவையானது’ என்று பெயர்ச்சொல்லாகும். ‘பூவர்’ என்ற சொல்லும் ‘தி’ சேர்ந்த பிறகே ‘ஏழைகள்’ ஆகிறது. தமிழில் ‘தி’ போன்ற சொல் கிடையாது. அதனால் நம் கை அதை விட்டுவிடுகிறது. ‘டூ நீட்ஃபுல்’ என்று எழுதினால் தொடர் முறிந்துவிடும். கடைசியில் ‘ஸ்’ சேர்த்துப் பன்மையாக்குவதும், ‘நீட்’, ‘ஃபுல்’ என்று இரண்டாகப் பிரிப்பதும் பிழையே.

தமிழில் அந்த வேலையைச் செய்யத் தனிச்சொல் வேண்டாம், விகுதியே போதும். ‘ஆவன’ என்பதைப் பிரித்தால் ஆ+வ்+அன்+அ. ‘ஆ’ பகுதி, ‘வ்’ எதிர்காலம் காட்டுவது, ‘அன்’ சாரியை, கடைசி ‘அ’ பலவின்பால். ஆகவேண்டியவை என்ற பொருள் நான்கு துணுக்குகளுக்குள் அடங்கிவிட்டது. பள்ளியில் படித்த ‘ஊர்வன’வும் இதே அச்சில் வார்த்ததுதான்: ஊர்+வ்+அன்+அ. பாம்பையும் பல்லியையும் குறிக்கும் சொல்லும் மனுவின் கடைசி வரியும் ஒரே குடும்பம்! எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இரண்டு மொழியிலும் இந்தத் தொடர் செய்யவேண்டியது இன்னதென்று சொல்வதில்லை. மனு கொடுப்பவர் தூரத்தில் இருக்கிறார். எந்தச் சட்டத்தில் எப்படிச் செய்வது என்பது அதிகாரிக்குத்தான் தெரியும். முடிவை அவரிடமே விடுகிறார். அந்தத் தூரம் மலைமக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1993 வரை இந்தப் பகுதிக்கு ஆட்சியர் கடலூரில் இருந்தார், பிறகு விழுப்புரத்தில். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து பஸ் மாறி மாறிக் கடலூர் போய்ச் சேர்ந்தவரின் மனுவிலும் முழுக் கதையைச் சொல்லி முடித்த பிறகு வந்து நிற்கிற வரி இதுதான்.

முழுக் கதையைச் சொன்ன பிறகு என்பதுதான் முக்கியம். ‘என் நிலப் பிரச்சினைக்கு ஆவன செய்யவும்’ என்று மட்டும் எழுதினால் எந்த மேசைக்கு அனுப்புவதென்றே தெரியாது, மனு சுற்றிக்கொண்டிருக்கும். ஊர், வட்டம், சர்வே எண், ஏற்கெனவே கொடுத்த மனுவின் தேதி, இப்போது கேட்பது என்ன என்று நாலு வரி முதலில் எழுதுங்கள். அதற்குப் பிறகு, தமிழோ ஆங்கிலமோ, இந்தத் தொடரைத் தயங்காமல் போடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.