மடியில் விரியும் படப்புத்தகம்

சில மாதங்களுக்கு முன், பொழிச்சலூரில் இல்லங்களைச் சந்தித்து வந்த மாலைப்பொழுதில் ஒரு காட்சி கண்டேன். வாசற்படியில் அமர்ந்த பாட்டியார் ஒருவர், மூன்று வயதுப் பேரனை மடியில் இருத்திப் படப்புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும், படத்திலிருந்த யானைக்கு ஒரு பெயரும், ஒரு பசியும், அது தேடிப்போக ஓர் ஊரும் அவர் நாவில் பிறந்தன. தலைக்கு மேல் விமானம் இரைந்து சென்றபோது கதை நின்றது. ஓசை ஓய்ந்ததும், “அப்புறம் பாட்டி?” என்று குழந்தையே அதைத் தொடக்கிவைத்தான்.

அடுத்த தெருவிலும் ஒரு குழந்தை கதை கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே கதை சொன்னது கைபேசி. சோறு ஊட்டிய தாய்க்கு அக்கதையில் வேலை ஏதுமில்லை. குழந்தையும் வாய் திறந்து ஒரு சொல் பேசவில்லை. அத்தாயை நான் குறைகூறேன். வேலைக்குச் சென்று திரும்பி, அடுப்படியையும் கவனிக்கும் பெண்ணுக்குக் கைபேசி தரும் கால்மணி நேர ஓய்வு பெரிதே. ஆனால் அந்த ஓய்வுக்கு நாம் கொடுக்கும் விலை எது?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. 37 பெற்றோர் தம் மழலைகளுடன் அச்சுப் புத்தகம், எளிய மின்னூல், ஓசையும் அசைவும் சேர்ந்த மின்னூல் ஆகிய மூன்றையும் படித்தனர். அச்சுப் புத்தகம் விரிந்தபோதே இருவருக்குமிடையே பேச்சு மிகுந்தது. மின்னூலின்போதோ, கதையைவிட்டுக் கருவியைப் பற்றிய பேச்சு பெருகியது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், 2 வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாமென்றும், 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைக் கடக்கலாகாதென்றும் வழிகாட்டியது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2021இல் ஏறத்தாழ இதையே அறிவுறுத்தியது.

படப்புத்தகம் தானாகப் பேசாது. அதன் சிறப்பே அதுதான். பேச ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். கேள்வி எழுந்தால் பக்கம் காத்திருக்கும், திரை காத்திருப்பதில்லை.

“புத்தகம் வாங்கப் பணம் வேண்டாமா, சாமி?” என்பீர்கள். நியாயமான கேள்வி. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழிலும் அழகிய படப்புத்தகங்களை வெளியிடுகின்றது. ஒன்றை வாங்கி, படித்தபின் அண்டை வீட்டாருடன் மாற்றிக்கொள்ளலாம். அதுவும் இயலாதோர்க்கு, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டும் கொள்ளலாம். கைபேசியிலேயே படிக்க நேர்ந்தாலும் குற்றமில்லை. அப்போது அது குழந்தையின் கையில் அன்று, உங்கள் கையில் இருக்கட்டும். குரலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அன்புப் பெற்றோரே! இரவு உணவுக்குப்பின் கால்மணி நேரம் போதும். தந்தையரும் இதைத் தாயாருக்கே விட்டுவிட வேண்டாம். வீட்டில் எழுத்தறியாத முதியவர் இருப்பின், படப்புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள். அவரிடம் உள்ள கதைகள் எக்கடையிலும் கிடைக்கா. கேட்கப் பேரன் இல்லையேல், அவை அவரோடே மறைந்துபோகும்.