கேட்காமல் வந்த குடியுரிமை

2017 அக்டோபர் 27. ஆஸ்திரேலியாவின் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் எம்.பி.யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே செல்லாது என்று அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளும் ஒரே முடிவு. லஞ்சம் இல்லை, கள்ள ஓட்டு இல்லை. தேர்தலில் நின்றபோது அவர் நியூசிலாந்துக் குடிமகனாகவும் இருந்தார். அது அவருக்கே தெரியாது!

வேறொரு நாட்டின் குடிமக்கள் நாடாளுமன்றத்துக்குத் தகுதியற்றவர்கள் என்கிறது 1901இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 44ஆவது பிரிவு. சரி, ஒருவர் நியூசிலாந்துக் குடிமகனா இல்லையா என்று யார் சொல்வது? நியூசிலாந்துச் சட்டம்தான். கான்பராவில் ஒருவர் உட்காரலாமா என்பது வெலிங்டனில் இயற்றிய சட்டத்தைப் பொறுத்தது.

ஜாய்ஸின் அப்பா 1924இல் நியூசிலாந்தில் பிறந்து, 1947இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டவர். அவர் கிளம்பியபோது நியூசிலாந்துக் குடியுரிமை என்ற ஒன்றே கிடையாது. அங்கே எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். 1949 ஜனவரி 1 அன்று புதுச் சட்டம் வந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் வாழ்ந்துகொண்டிருந்த அவரையும் அது குடிமகன் ஆக்கியது. 18 ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவின் டாம்வொர்த்தில் பிறந்த மகனுக்கும் அது இறங்கியது. இதற்கு வம்சாவளிக் குடியுரிமை என்று பெயர். பிறந்த மண்ணைப் பார்க்காமல் பெற்றோரைப் பார்த்து வருவது. பூர்வீகச் சொத்தில் பங்கு மாதிரிதான். பிறந்தாலே வந்துவிடும், விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் போகும்.

சில நாடுகள் குடியுரிமையை லேசில் விடாது. அப்படியானால் ஓர் அந்நிய நாடு நினைத்தால் ஆஸ்திரேலியர் ஒருவரை ஆயுளுக்கும் தேர்தலில் நிற்கவிடாமல் செய்யலாமே? நீதிமன்றம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. துறக்கவே முடியாதபடி அந்நாட்டுச் சட்டம் தடுத்தால், தன்னால் ஆன நியாயமான முயற்சிகளை எல்லாம் செய்தவருக்கு விலக்கு உண்டு.

அந்த விலக்கு எவ்வளவு குறுகலானது என்பதை செனட்டர் கேட்டி கேலகர் வழக்கில் பார்க்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமையைத் துறக்க 2016 ஏப்ரலிலேயே விண்ணப்பம் அனுப்பினார். மே இறுதியில் வேட்புமனு. ஜூலை 2 தேர்தல். லண்டன் அதிகாரிகள் துறப்பைப் பதிவு செய்ததோ ஆகஸ்ட் 16. தாமதம் வேறு, தடை வேறு என்றது நீதிமன்றம்; மனுத்தாக்கல் நேரத்தில் அவர் பிரிட்டிஷ் குடிமகள்தான். 2018 மே மாதம் பதவி போனது. முறையாக விண்ணப்பித்தவருக்கு இது கொடுமை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் வேட்புமனு நாள் என்ற ஒற்றைக் கோட்டைத் தளர்த்தினால், எங்கே நிறுத்துவது என்ற கேள்வி எழும்.

2019 முதல் அங்கே வேட்பாளர்கள் தகுதிப் படிவம் ஒன்றையும் நிரப்ப வேண்டும். அதில் பெற்றோரோடு தாத்தா, பாட்டி பிறந்த இடத்தையும் கேட்கிறார்கள்.