பூனைத் தீவன டப்பாவில் ஓர் அடுப்பு

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை சுமார் 3,500 கிலோமீட்டர். ஜார்ஜியாவில் கிளம்பி மெய்ன் போய்ச் சேர ஐந்தாறு மாதம் ஆகும். முதுகில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் அங்கே கணக்கு உண்டு. அதனால் சிலர் கடை அடுப்பை விட்டுவிட்டு, 85 கிராம் பூனைத் தீவனம் வரும் அலுமினிய டப்பாவைக் கழுவி எடுக்கிறார்கள்.

நெடுந்தூர நடையர் ஆண்ட்ரூ ஸ்கர்கா பிரபலப்படுத்திய வடிவம் இது. காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்ச் ஒன்று போதும். விளிம்புக்குக் கீழே இரண்டு வரிசைத் துளைகள் போட்டால் அடுப்பு தயார். எடை 10 கிராம் அளவுதான். கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பாத்திரத்தை வைத்தால் தீ அணைந்துவிடும். டப்பா சூடேறி ஸ்பிரிட் ஆவியானதும் துளைகள் வழியே சுடர் சீறும். பாத்திரம் டப்பாவின் தலைமேலேயே உட்காரும்.

ஆபத்தும் உண்டு. வெயிலில் இந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து மேலும் ஊற்றினால் குப்பென்று பற்றும். திருகி அணைக்கக் குமிழும் கிடையாது.

2012 மே மாதம் கொலராடோவில், கூடாரம் போட்டிருந்த ஒருவரின் ஸ்பிரிட் அடுப்பிலிருந்து கிளம்பிய ஹியூலெட் தீ 7,600 ஏக்கருக்கு மேல் எரித்தது. வறட்சிக் காலத்தில் தீ மூட்டத் தடை வந்தால், பல அமெரிக்கக் காடுகளில் திருகி அணைக்கும் அடுப்புக்குத்தான் அனுமதி.