கிழட்டு மேடைக்கு இளைய கப்பல்

மும்பைக் கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி, அரபிக் கடலுக்குள் இருக்கிறது மும்பை ஹை எண்ணெய் வயல். 1974இல் 'சாகர் சாம்ராட்' என்ற துளையிடும் மேடை இதைக் கண்டுபிடித்தது; 1976 மே மாதம் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. சரிந்துவரும் உற்பத்தியை மீட்க 2025 ஜனவரியில் பிரிட்டனின் பிபி நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணையாக, வயலை நடத்தும் ஓ.என்.ஜி.சி. சேர்த்துக்கொண்டது. பாறைக்குள் மிச்சமிருக்கும் எண்ணெயைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. அதை மேலே கொண்டுவர வேண்டிய பழைய இரும்பைப் பற்றியும், அந்த இரும்பைத் தொட்டுப் பார்க்கப் போகும் மனிதர்களைச் சுமக்கும் கப்பலைப் பற்றியும் பேச்சு குறைவு. வயல் பழசு என்பதற்காகக் கப்பலும் பழசாக இருக்கலாம் என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு. வயல் கிழடாக ஆக, அதைப் பராமரிக்கும் முக்குளிப்பு உதவிக் கப்பல் புதிதாகவும் தரமாகவும் இருந்தாக வேண்டும்.

கடல்நீருக்குள் இருக்கும் எஃகை அலுமினியம், துத்தநாகக் கட்டிகள் காக்கின்றன. எஃகுக்குப் பதிலாக அவை கரைகின்றன. கரைந்து தீர்ந்தால் புதியவை பொருத்த வேண்டும். அலை அடித்து அடித்து விலகும் இடத்தில் இந்தக் காப்பும் வேலை செய்யாது, அங்கே பூச்சுதான் கதி. எண்ணெய் எடுக்கும் மேடையின் கால்களில் சிப்பியும் பாசியும் படிந்து பருத்தால் அலையின் மோதல் கூடும். குழாய்க்கு அடியில் நீரோட்டம் மணலை அரித்தால் குழாய் அந்தரத்தில் தொங்கி அதிரும். இதையெல்லாம் படம் பிடிக்கத் தொலைவிலிருந்து இயக்கும் எந்திரம் போதுமே, மனிதன் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயிரம் மீட்டருக்கும் கீழே உள்ள வயல்களில் எந்திரங்கள்தான் எல்லாம் செய்கின்றன. ஆனால் அந்த வயல்கள் எந்திரக் கை பிடிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆழம் குறைந்த கடலில் நட்ட மேடைகளோ மனிதக் கைக்கும் ஸ்பேனருக்கும் கட்டப்பட்டவை. கலங்கிய நீரில், இழுக்கும் ஓட்டத்தில், துருவேறிய போல்ட்டைக் கழற்றி விளிம்போடு விளிம்பு பொருத்துவதற்கு இன்றைக்கும் விரல்கள்தான் தோது.

மும்பை ஹையில் கடலின் ஆழம் சுமார் 80 மீட்டர். அங்கே அழுத்தம் நாம் வாழும் அழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கு. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் மயக்கும், ஆக்சிஜன் நஞ்சாகும். அதனால் ஹீலியத்தோடு சிறிதளவு ஆக்சிஜன் கலந்து தருகிறார்கள். ஒவ்வொரு முறையும் மேலே வந்து உடலிலிருந்து வாயுவை வெளியேற்ற நாட்கணக்காகும். எனவே முக்குளிப்பவர்கள் மேலே வருவதே இல்லை என்று சொல்லலாம்: கப்பலில் இருக்கும்போதும் கடலடி அழுத்தம் கொண்ட அறைக்குள்தான் உண்டு உறங்குகிறார்கள். மணி வடிவக் கூண்டில் இறங்கி வேலை பார்த்து அதே அழுத்தத்துக்குத் திரும்புகிறார்கள். மூன்று நான்கு வாரம் கழித்து, பணி முடியும்போது, ஒரே ஒருமுறை அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். அதற்கு இந்த ஆழத்தில் ஏறத்தாழ நான்கு நாள். ஹீலியம் உடல் சூட்டை உறிஞ்சிவிடுவதால் உடைக்குள் வெந்நீர் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். மூச்சு, சூடு, பேச்சு, வெளிச்சம் எல்லாம் கப்பலிலிருந்து ஒரே கட்டாகப் போகும் குழாயில் வருகின்றன. கப்பல் நங்கூரம் இல்லாமல், கணினி இயக்கும் உந்திகளால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அது நகர்ந்தால் கீழே இருப்பவரின் உயிரும் சேர்ந்து இழுபடும்.

புதிய கப்பலுக்குச் செலவு அதிகம், வாடகைக்குக் கிடைப்பதை வைத்து ஓட்டலாமே என்பது அடுத்த வாதம். கப்பல் தவறினால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2005 ஜூலை 27 அன்று 'சமுத்ர சுரக்ஷா' என்ற உதவிக் கப்பல், மும்பை ஹை வடக்கு மேடையின் எரிவாயுக் குழாயில் மோதியது. தீப்பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் மேடையே அழிந்தது. 22 பேர் இறந்தார்கள். எரிந்த கப்பலின் அழுத்த அறைக்குள் ஆறு முக்குளிப்பாளர்கள் இருந்தார்கள். கதவைத் திறந்து ஓட முடியாது, திறந்தால் அழுத்தம் சரிந்து அதுவே கொன்றுவிடும். சுமார் 36 மணி நேரம் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார்கள். தரமான புதுக் கப்பல்களில் அழுத்த அறையோடு இணைந்த தனி உயிர்காப்புப் படகு இருப்பது இந்த நிலைமைக்காகத்தான். புதுசிலும் விபத்து நடக்காதா என்றால், நடக்கும். 2012 செப்டம்பரில் வட கடலில் சில ஆண்டுகளே ஆன 'பிப்பி டோபாஸ்' என்ற முக்குளிப்பு உதவிக் கப்பலின் நிலைநிறுத்தும் அமைப்பு செயலிழந்தது. கப்பல் விலக, கடலடியில் இருந்த ஒருவரின் குழாய்க் கட்டு அறுந்தது. அரைமணிக்கும் மேலாகி அவரை உயிரோடு எடுத்தார்கள். இருட்டில் அவரைத் தேடிக் கண்டது கப்பலின் தொலையியக்க எந்திரம். கூண்டுக்கு இழுத்து வந்தது சக முக்குளிப்பாளர். எந்திரமா மனிதனா என்று கட்சி கட்டுபவர்கள் இந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மிஞ்சுவது பெரிய ஆட்சேபம்: உலகம் எண்ணெயை விட்டு விலகும் காலத்தில் கிழட்டு வயலுக்கு ஏன் முதலீடு? வயலை நாளையே மூடினாலும் கடலடிக் குழாய்களைக் கழுவ வேண்டும், வெட்ட வேண்டும், கவ்விகளைக் கழற்ற வேண்டும், மேடையின் கால்களை அறுத்துத் தூக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக் கடல் இந்த வேலைக்குப் பெரும்பாலும் இடம் தராது என்பதால் ஆண்டில் எட்டு மாதமே கையில் இருக்கும். கட்டத் தொடங்கும் கப்பல் கடலுக்கு வரவே இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அது இருபத்தைந்து ஆண்டு உழைக்குமானால், முற்பாதியில் பழுது பார்த்த அதே குழாய்களைப் பிற்பாதியில் அறுத்து எடுக்கும் வேலையும் அதற்கே வரும்.