வேர் இறங்காத நிலத்தில் உரம் என்ன செய்யும்?

"உரம் போட்டேன், தண்ணீரும் கட்டினேன், ஆனாலும் பயிர் தேறவில்லை" என்று உழவர்கள் பலர் கூறக் கேட்கிறோம். தழை, மணி, சாம்பல் சத்துக்களின் அளவை மண் பரிசோதனை காட்டிவிடும். ஆனால் சத்து இருந்தும் வேர் அதை எட்ட முடியாவிட்டால் பயன் இல்லை. ஆகவே மண்ணின் பௌதிகக் குணங்களையும் உழவர் பெருமக்கள் அறிந்திருத்தல் நலம்.

மண் நயம்

மண்ணில் மணல், வண்டல், களி என மூவகைத் துகள்கள் உள்ளன. மணல் கண்ணுக்குத் தெரியும். களித் துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. இவை கலந்துள்ள விகிதமே மண் நயம். ஈர மண்ணை விரலிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் மணல் மிகுதி. மாவு போல வழுவழுத்தால் வண்டல் மிகுதி. பிசுபிசுவென ஒட்டி நாடா போல நீண்டு வந்தால் களி மிகுதி. மணற்பாங்கான நிலத்துக்கு நீரைக் குறைவாக, அடிக்கடி பாய்ச்ச வேண்டும். களி நிலத்துக்கு வடிகால் அவசியம். உழவினாலோ உரத்தினாலோ மண் நயம் மாறாது.

மண் கட்டமைப்பு

நம்மால் திருத்தவும் கெடுக்கவும் கூடியது கட்டமைப்பே. துகள்கள் சேர்ந்து குருணைகளாக அமைவதை இவ்வாறு கூறுகிறோம். நல்ல நிலத்தின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி, காற்றும் நீரும் தங்கும் இடைவெளியாகும். அதிக ஈரத்தில் உழுதால் குருணைகள் நசுங்கி, காய்ந்தபின் பெருங்கட்டிகளாகிவிடும். ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கி விரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் உழவுப் பதம். ஒட்டிக்கொண்டால் இரண்டொரு நாள் பொறுத்திருங்கள்.

அடிமண் இறுக்கம்

ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள மண்ணைக் கலையாமல் எடுத்து, உலர்த்தி எடை போட்டால் 1.3 கிலோ இருக்குமானால் அதில் சுமார் பாதி இடைவெளி உண்டு. 1.7 கிலோ இருந்தால் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு அளவே. இதையே பரும அடர்த்தி என்கிறோம். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும், டிராக்டரின் பளுவாலும், சால் அடியில் மண் இறுகிவிடும். செம்மண் நிலங்களில் களித் துகள்கள் மேலிருந்து இறங்கிப் படிவதும் ஒரு காரணம். இத்தகைய நிலத்தில் மழை பெய்தால் நீர் வழிந்தோடும். மழை நின்ற சில நாட்களிலேயே நிலக்கடலை வாடும்.

நல்ல மழைக்குப் பின் முனை கூரான இரும்புக் கம்பியைப் பல இடங்களில் மண்ணில் அழுத்துங்கள். ஓரடிக்குள் எங்கும் தடைபட்டால், குழி தோண்டி அது கல்லா, இறுகிய மண்ணா என்று பாருங்கள். வேர்கள் அங்கே பக்கவாட்டில் மடங்கியிருந்தால் ஐயமே இல்லை.

நிவர்த்தி முறை

கோடையில் நிலம் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில், சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்கு, நெடுக்கிலும் குறுக்கிலும் உழ வேண்டும். பின்னர் ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு இடவேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை இவ்வாறு செய்தால் போதும். வாடகைக்கு எடுப்பவர்கள் அண்டை நிலத்தாருடன் சேர்ந்து எடுத்தால் செலவு குறையும்.

நெல் வயலில் மட்டும் இதைச் செய்யற்க. அங்கே நீரைத் தாங்கி நிறுத்துவது அந்த அடி இறுக்கமே.

அடுத்த மூட்டை உரம் வாங்குமுன், ஒருமுறை கம்பியை ஊன்றிப் பாருங்கள்.