பானை ஏன் வெடிக்கிறது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஓவியத்தைப் போலவே மட்பாண்டமும் ஒரு விருப்பப் பாடம். களிமண் மூட்டைகள், நாலைந்து மின்சக்கரங்கள், மூலையில் ஒரு மின்சூளை. வகுப்பில் இருப்பது இவ்வளவுதான். பிள்ளைகள் மொய்ப்பதெல்லாம் சக்கரத்தைத்தான். ஆனால், வனைந்தது தேறுமா தேறாதா என்பது தெரிவது சூளையில்.

மண்ணைப் பிசைவதுதான் முதல் பாடம். சரியாகப் பிசையாமல் காற்றுக் குமிழி தங்கிவிட்டால் பானை சூளையில் வெடிக்கும் என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். பழி தவறான இடத்தில் விழுகிறது. வெடிக்கவைப்பது ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் பெருகும். வெளியேற வழி கிடைக்காவிட்டால் மண்ணைப் பிளந்துகொண்டு போகும். நன்றாகக் காய்ந்த பாண்டத்தில் குமிழி இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அடிப்பாகம் தடித்து, உள்ளே ஈரம் தங்கியிருந்தால் குமிழியே இல்லாமலும் சிதறும். பக்கத்தில் இருக்கும் பாண்டங்களும் அதோடு நாசம். பழகிய ஆசிரியர்கள் பச்சைப் பாண்டத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை, அலமாரிக்கே திரும்பிப் போகும்.

காய்ந்தபின்னும் மண்ணுக்குள் வேறொரு தண்ணீர் இருக்கிறது. அது களிமண்ணின் மூலக்கூறிலேயே கட்டுண்டது. கயோலின் மண்ணில் எடைக்கு 14 சதவீதம் அதுதான். சுமார் 450 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் அது விலகத் தொடங்கும். காய்ந்த பானையைத் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகும். இந்தக் கட்டத்தைத் தாண்டியது ஆகாது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டுச் சூளையின் மூடியைத் திறந்தால் விரிசல்தான்.

ஏறக்குறைய 1,000 டிகிரியில் முதல் சூடு முடியும். பாண்டம் அப்போது நுண்துளைகளோடு இருப்பதால், மெருகுக் கரைசலில் முக்கியதும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தூள் மேலே படியும். மெருகு என்பது கண்ணாடிதான். சிலிக்கா மட்டும் உருக 1,700 டிகிரி வேண்டும். அதைக் குறைக்க வேறு தாதுக்களைச் சேர்க்கிறார்கள். கோபால்ட் கார்பனேட் கலந்த மெருகு சுடுமுன் இளஞ்சிவப்பாகத் தெரியும், சூளையிலிருந்து நீலமாக வெளிவரும். எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் இதை நம்புவதில்லை.

சூடு போதுமா என்று பார்க்க வெப்பமானி மட்டும் போதாது. எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் இருந்தது என்பதும் கணக்கு. அதற்குத்தான் சிறு கூம்புகள். ஜெர்மனியின் ஹெர்மன் செகர் 1886இல் உருவாக்கினார். அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896இல் தயாரிக்கத் தொடங்கினார். உரிய சூட்டை வாங்கியதும் கூம்பு தலை சாயும். கூம்புகளுக்கு எண்களைப் போட்டவர்கள்மேல் கொஞ்சம் கோபமே வரும்: 06 என்பது ஏறத்தாழ 1,000 டிகிரி, 6 என்பது 1,220க்கும் மேல். முன்னால் நிற்கும் சுழியைக் கவனிக்காமல் அடுக்கினால், குறைந்த சூட்டு மண் உருகித் தட்டோடு ஒட்டிவிடும்.

நம் பக்கம் இந்த உயர்சூட்டு வேலையைப் பார்க்க விரும்புவோருக்குப் புதுச்சேரி இருக்கிறது. டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தில் பயின்று, தனிக்கூடம் கண்டவர்கள் பலர்.

பள்ளியில் இப்படி வகுப்பு தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பு முடிந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள். காய்ந்த மண்தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.